சாக்கு பிடித்தது, பருத்தி விட்டது

அந்தோணிமேரி கோயில் துணிகளைத் துவைக்க ஆரம்பித்தது பக்தியால் இல்லை. முன்பு துவைத்துக்கொண்டிருந்த டீச்சரம்மா செங்கல்பட்டுக்கு மாற்றலாகிப் போனபோது, வேறு ஆள் கிடைக்கிறவரை ஒரு மாதம் பார்த்துக்கொள் என்று மூட்டையைக் கொண்டுவந்து இவள் வீட்டு வாசலில் வைத்தார்கள். அப்போது ஆஷ்லின் தொட்டிலில் கிடந்தாள். இப்போது ஆஷ்லின் புதுச்சேரிப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் வேலை செய்கிறாள். வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டின ஊரில் வெள்ளைத் துணி துவைப்பதைப் போல வம்பு வேறில்லை. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாக மிதக்கும். அதனால் தெருக் குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து வைத்து, குடிக்கிறதுக்குப் போக மிச்சத்தில் அலசவேண்டும். காயப்போட்டால் கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து பூசும். பீடத்து விரிப்பு அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். மேலே மெழுகுக் கறை, கீழே பூசை உதவி செய்கிற பிள்ளைகள் கை துடைத்த கறை. முட்டி வலியோடு குந்தி உட்கார்ந்து இதையெல்லாம் கசக்கி எழும்போது, புருஷன் இருதயநாதன் அளத்திலிருந்து வந்து அதே கொடியில் தன் ஈர வேட்டியைப் போடுவான்.

"ஏங்க, அது பூசைத் துணிங்க. ஒங்க வேட்டிய அந்தாண்ட போடுங்க."

"ரெண்டும் துணிதானே."

"ஆமா, ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்கு ஒங்க வேட்டிய பீடத்துல விரிச்சிடறேன், ஃபாதர் கேட்டா சொல்லிக்கலாம்."

தவக்காலம் வந்தால் வேலை இரட்டிப்பு. ஈஸ்டருக்கு முந்தின இரண்டு வாரமும் கோயிலில் இருக்கிற எல்லாச் சொரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவைப்பது அந்த ஊரில் இன்னும் விடாத வழக்கம். இந்த வருஷம் பழைய ஊதாத் துணிகளை எடுத்து உதறினால் தூசியோடு துணியும் சேர்ந்து உதிர்ந்தது. உபதேசியார் மேத்யூவிடம் காட்டினாள். அவர் கோயில் நிர்வாகத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர். எதற்கும் உடனே சரி என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"ஊதா இப்ப கடையில இல்லம்மா. எல்லாம் மினுமினுன்னு ஜிகினா போட்டு வருது. வெள்ளைக் காடாத் துணி ஒரு கட்டு கோயில்லயே இருக்குது. நீயே சாயம் போட்டுடேன்."

பக்கத்தில் நின்றிருந்த இளைஞர் மன்றத்து ஆரோக்கிய பிரபு போனை நீட்டினான். ஏதோ ஊரில் சாக்குத் துணியைச் சுருட்டிச் சுருட்டி வைத்து, இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரி மலை செய்திருந்தார்கள்.

"ஆன்ட்டி, இந்த மாதிரி நாமளும் பண்றோம். வியாகுல மாதா பக்கத்துல மலை. சாக்கு நாங்க எடுத்தாந்துடறோம். அதுக்கும் ஊதா போட்டுக் குடுத்துடுங்க."

"மலை எங்கடா ஊதாவா இருக்குது?"

"ஃபீல் வரும் ஆன்ட்டி."

"எனக்கு முட்டியிலதான் ஃபீல் வருது" என்றாள். ஆனாலும் சாக்கை வாங்கிக்கொண்டாள். முடியாது என்று சொல்லி, ஏன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்வதைவிட, செய்துவிட்டுப் படுப்பது சுலபம். அவள் வாழ்க்கையில் பாதி வேலைகள் அப்படிச் செய்தவைதான்.

சாயம் கொடுத்தது சுலோசனா. உப்புக் கிடங்கில் மூட்டை தைக்கிறவள், அடுத்த தெரு. அவளுடைய நாத்தனார் கோரைப்பாய் நெய்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கோரைக்குப் போடுகிற சாயப்பொடியில் ஒரு பொட்டலம் ஊதா சுலோசனா வீட்டுப் பரணில் கிடந்தது.

"மேரிக்கா, இது செம சாயம். எங்க நாத்தனா வூட்டுல பாய் கிழிஞ்சு நாராப் போச்சு, கலர் மட்டும் போவல."

அந்தோணிமேரி எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் இல்லை. ஒரு சாண் சாக்கை வெட்டி, வெந்நீரில் பொடியைக் கரைத்து முக்கினாள். முக்கின மாத்திரத்தில் சாக்கு சாயத்தைக் குடித்தது. பாத்திரத்துத் தண்ணீர் வெளுத்துவிட்டது, சாக்கு நாவல்பழம் மாதிரி ஆகிவிட்டது. சோப்புப் போட்டுக் கசக்கினாள், போகவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. திருப்தியாகிவிட்டது. சாக்கு எதற்குச் சரியோ அது காடாவுக்கும் சரி என்று இருந்துவிட்டாள். சாக்கும் செடியில் வருவது, காடாவின் பருத்தியும் செடியில் வருவது. இதில் தனித்தனியாகச் சோதிக்க என்ன இருக்கிறது?

பெரிய அண்டாவில் முதலில் சாக்கு, அப்புறம் பொடியை அதிகமாக்கிக் காடா. சாயம் நிற்க உப்புப் போடவேண்டும் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதான். டப்பாவில் சமையல் உப்பு கொஞ்சம்தான் இருந்தது. இருதயநாதன் அன்று காலையில் பாத்தியிலிருந்து வாரிக்கொண்டு வந்த புது உப்பு ஒரு வாளி மூலையில் இருந்தது. சாக்கை முக்கும் முன்பே அதில் இரண்டு கை அள்ளிப் போட்டாள். அள்ளும்போதே கை பிசுபிசுத்தது. புது உப்பு வேர்க்கும், அதன் கசப்புத் தண்ணீர் வடியக் குவித்துப் போட்டு வெயிலில் விடவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளும் அளத்தில் உப்பு வாரினவள்தான். ஆனால் அது சாப்பாட்டு உப்புக்கு. சாயத்துக்கு எது போட்டால் என்ன?

காடாவை அலசினபோது ஊதாத் தண்ணீர் ஓடியது. அதிகப்படி சாயம் போகிறது என்று நினைத்தாள். இன்னொரு முறை அலச நல்ல தண்ணீர் இல்லை. அன்று குழாயும் வரவில்லை. பிழிந்து நிழலில் போட்டாள். காய்ந்ததும் பார்க்க நன்றாகவே இருந்தது. மேத்யூகூட "பரவால்லயே" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

சொரூபங்களை மூடினார்கள். இடது பக்கப் பீடத்தில் நிற்கிற வியாகுல மாதாவுக்கு அந்தோணிமேரியே ஏணி போட்டு ஏறித் தலையிலிருந்து துணியைப் போர்த்தி, கழுத்தில் நாடா கட்டினாள். அந்தச் சொரூபம் சுண்ணாம்புக் கலவையில் வார்த்து வர்ணம் பூசியது. முகத்தில் வர்ணம் மெலிசாக வெடித்து வலை போட்டிருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கிட்டப் போய்ப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். காலடியில் பிரபுவின் ஊதா மலை எழும்பியது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் பிறந்ததும் காற்று திரும்பியது. கடலிலிருந்து இரவெல்லாம் ஈரம் அடித்தது. பிஷப் தைலம் மந்திரிக்கிற பூசைக்கு ஃபாதர் புதுச்சேரி போயிருந்தார். அன்று காலை அந்தோணிமேரி வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது மேத்யூவின் மனைவி கிறிஸ்டி ஓடிவந்தாள். ஓடி வருகிற உடம்பில்லை அது.

"மேரி! மாதா அழுவுறாங்க!"

"எந்த மாதா?"

"நம்ம மாதாடி! துணிக்குள்ளேர்ந்து கண்ணீர் ஊத்துது! கையில சொட்டிச்சு, பாரு!"

கிறிஸ்டியின் உள்ளங்கையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு. அந்தோணிமேரி மாவுக் கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினாள்.

கோயிலில் ஏற்கெனவே கூட்டம். யாரோ நாடாவைத் தளர்த்தி, துணியின் கீழ்ப்பக்கத்தைத் தூக்கி மாதாவின் முகம் தெரிய நெற்றி வரைக்கும் மடித்துவிட்டிருந்தார்கள். கண்ணின் குழியிலிருந்து ஒன்று, மூக்கை ஒட்டி ஒன்று, கன்னத்தில் இரண்டு. ஊதாக் கோடுகள் வழிந்து தாடை வரை வந்திருந்தன. நெற்றியின் மேல் கிடந்த துணி நனைந்து கனத்துத் தொங்கியது. மழை இல்லை, தண்ணீர் இல்லை. புது உப்பு காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் இழுத்துத் துணியை ஊறவைத்திருந்தது. ஊறின துணி சாயத்தைக் கக்கியிருந்தது. அவளுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது.

"அய்யய்யோ, இது சாயம்" என்றாள். "வழி விடுங்க, துடைக்கணும்."

யாரும் வழி விடவில்லை.

"துடைக்கிறதா? இன்னா பேசற நீ?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஃபாதர் வரட்டும்மா. அவர் பாக்காம யாரும் தொடக் கூடாது" என்றார் மேத்யூ. அவர் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிரபு எடுத்த வீடியோ அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து வேன் கிளம்பிவிட்டதாம், எக்கியார்குப்பத்திலிருந்து ஆட்டோக்கள் வருகின்றனவாம்.

"ஃபாதர் வர்றதுக்குள்ள உள்ள போயிடும். மொகத்துல வெடிப்பு இருக்குது. சுண்ணாம்பு உறிஞ்சிக்கும். அப்புறம் ஜென்மத்துக்கும் போவாது."

"ஒனக்கு விசுவாசம் இல்லன்னு சொல்லு" என்றாள் கிறிஸ்டி.

அந்தோணிமேரிக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை. அசதிதான் வந்தது. "கிறிஸ்டி, ஆஷ்லின் தொட்டில்ல இருந்தப்பலேர்ந்து நான் இவங்க துணிய துவைக்கிறேன். இவங்க அழுதா எனக்குத் தெரியாதா?"

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று மகளுக்குப் போன் போட்டாள். லேபில் மாஸ்க் போட்டுக்கொண்டே பேசினாள் ஆஷ்லின்.

"சாக்குல போவவே இல்லடி. பிரஷ் போட்டு தேச்சேன். இதுல மட்டும் ஏன் ஊத்துது?"

"அம்மா, அது பாய்ச்சாயம்மா. கோரை, சணல் மாதிரி நாருக்குத்தான் அது. சணல்ல லிக்னின்னு ஒண்ணு இருக்குது. மரத்த கெட்டியா வச்சிருக்குதே, அதே சரக்கு. அது கொஞ்சம் அமிலம் மாதிரி. இந்தச் சாயத்த புடிச்சா விடாது. பருத்தியில லிக்னின் கெடையாது, சுத்தமா வெறும் செல்லுலோஸ். அதுக்கு இந்தச் சாயத்த புடிக்கக் கையே இல்ல. சும்மா மேல ஒட்டிக்கினு இருக்கும், ஈரம் பட்டா எறங்கிடும்."

"உப்பு போட்டேனே."

"உப்புக்கு நிக்கிறது வேற சாயம். இதுக்குப் பருத்தியில நிக்கணும்னா மொதல்ல கடுக்காய்த் தண்ணியில ஊறப்போடணும். இன்னா உப்பு போட்ட?"

"அப்பா கொண்டாந்த புது உப்பு."

"அம்மா... நீயா அத போட்ட?"

"நானேதான். திட்றதா இருந்தா அப்புறமா திட்டு. மொகத்துலேர்ந்து எப்படி எடுக்கிறது, அத சொல்லு."

"தண்ணி போடாத, பரவும். ஸ்பிரிட்ல பஞ்ச நனைச்சு ஒத்தி ஒத்தி எடு. மொதல்ல பின்னாடி எங்கியாவது வச்சுப் பாரு, பெயின்ட் வருதான்னு. சீக்கிரம் பண்ணு. வெடிப்புல எறங்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொண்ணு, யாரையும் அத வாயில வக்க விடாத."

கடைசியாகச் சொன்னது அவளைத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே பெண்கள் மாதாவின் காலடியில் கைக்குட்டையை வைத்து ஒற்றி எடுத்துப் பிள்ளைகளின் நெற்றியில் பூசிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

மருந்துக் கடைக்காரன் ஸ்பிரிட் பாட்டிலை எடுக்காமல் முதலில் அவளைத்தான் பார்த்தான். அந்தக் கடற்கரையில் ஸ்பிரிட் கலந்த கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் செத்ததிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே அப்படித்தான் பார்ப்பார்கள்.

"யாருக்குமா?"

"மாதாவுக்கு."

அவன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். வீடியோ அவனுக்கும் வந்திருக்கவேண்டும்.

திரும்பி வந்தபோது கோயில் வாசலில் செருப்புக் குவியல். மெழுகுவர்த்தி விற்கிறவன் ஒருவன் எங்கிருந்தோ முளைத்திருந்தான். அந்தோணிமேரி இடித்துக்கொண்டு முன்னால் போனாள். ஒரு பெண் ஊதாத் துளியை விரலில் தொட்டுக் கைக்குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

"ஏம்மா! அறிவு இருக்குதா ஒனக்கு? பாய்க்குப் போடற சாயத்த புள்ளைக்குக் குடுக்கிற?"

அந்தப் பெண் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். கூட்டம் முணுமுணுத்தது. மேத்யூ குறுக்கே வந்தார்.

"மேரி, ஜனங்கள இன்னாத்துக்கு வெரட்டற? எத்தன பேரு அழுவுறாங்க பாரு. பெரிய வாரத்துல பக்தியில ஒரு எழுப்புதல் வருதுன்னா அத ஏன் கெடுக்கணும்?"

"உபதேசியாரே, கீழ பாருங்க. அதே அண்டா, அதே பொடி, அதே உப்பு. இந்த மலையும் நனைஞ்சுதான் இருக்குது. அது அழுவுதா?"

எல்லோரும் சாக்கு மலையைப் பார்த்தார்கள். அந்தோணிமேரி ஒரு சுருளை உருவி, தன் வெள்ளை முந்தானையில் வைத்து முறுக்கிப் பிழிந்தாள். ஈரம் பட்டது, நிறம் படவில்லை. அப்புறம் ஏணியில் ஏறினாள். முட்டி இரண்டும் கத்தின. மாதாவின் கழுத்து நாடாவை அவிழ்த்துத் துணியை உருவிக்கொண்டு இறங்கி, நடுக் கோயிலில் நின்று இரண்டு கையாலும் பிழிந்தாள். ஊதாத் தண்ணீர் முழங்கை வழியாக ஓடிப் புடவையை நனைத்துத் தரையில் கொட்டியது.

"இதுவும் கண்ணீரா? சொல்லுங்க. நான் போட்ட சாயம். நான் போட்ட உப்பு. சாக்குல நின்னுது, பருத்தியில நிக்கல. இவ்ளோதான் சேதி. அவங்க மொகம் கெட்டுப்போறதுக்குள்ள என்னைத் துடைக்க வுடுங்க."

யாரும் அவளைப் பாராட்டவில்லை. அவள் சொன்னதை நம்பினவர்கள் ஏமாந்த வெட்கத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். நம்பாதவர்கள் அவளை முறைத்தார்கள். "சாயமா இருந்தா இன்னா, அதுல அவங்க வரக் கூடாதா?" என்று ஒரு கிழவர் கேட்டார். அவள் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்துகொண்டு ஏணிப் பக்கம் திரும்பினாள். பிரபு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

சொரூபத்தின் முதுகில் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பார்த்தாள். வர்ணம் தாங்கியது. பஞ்சை நனைத்துத் தாடையிலிருந்து மேலே மேலே ஒற்றி எடுத்தாள். முதல் பஞ்சு ஊதாவாக வந்தது. இரண்டாவதும். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். ஏணிக்குக் கீழே ஊதாப் பூ உதிர்ந்த மாதிரி கிடந்தது. தாடை சுத்தமானது, மூக்குச் சுத்தமானது, வலது கன்னம் சுத்தமானது. இடது கண்ணுக்குக் கீழே மட்டும் வெடிப்பு கொஞ்சம் ஆழம். அங்கே ஒரு கோடு, தலைமயிர் கனத்தில், அசையவில்லை. அழுத்தித் தேய்த்தாள். பஞ்சில் ஊதாவோடு சேர்ந்து தோல் நிற வர்ணமும் துளி வந்தது. அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு எட்டிப் பார்த்தது.

கையை எடுத்துவிட்டாள்.

இன்னும் தேய்த்தால் கோடு போகும், கன்னமும் போகும். ஏணியின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். மாதாவின் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான். ஸ்பிரிட் நெடி கண்ணை எரித்தது. அழுகை இல்லை, எரிச்சல்தான், ஆனால் கீழே இருந்து பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஃபாதர் மதியத்துக்குமேல் வந்தார். வேனிலிருந்து இறங்கும்போதே மேத்யூ அவர் காதில் எல்லாம் போட்டுவிட்டார். ஃபாதர் நேராக இடது பக்கப் பீடத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"முழுசா போகலியா?"

"மேல இருந்தத எடுத்துட்டேன் ஃபாதர். உள்ள எறங்கினத எடுக்க முடியல. காலைலயே வுட்டிருந்தா போயிருக்கும்."

ஃபாதர் மேத்யூவைப் பார்த்தார். மேத்யூ தரையைப் பார்த்தார்.

"பரவாயில்ல. ஈஸ்டர் முடிஞ்சு பெயின்டர வரச் சொல்லலாம்."

"நான் இனிமே துவைக்கட்டுமா, வேணாமா ஃபாதர்? இன்னைக்கே சொல்லிடுங்க."

அதைக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்று அவளுக்கு நிஜமாகவே இருந்தது. ஃபாதர் யோசித்தார். "வேற யாரும்மா இருக்காங்க?" என்றார்.

காடாத் துணிகளை எல்லாச் சொரூபத்திலிருந்தும் கழற்றினார்கள். மூட ஒன்றும் இல்லாததால் மலைக்குப் போக மிச்சமிருந்த ஊதாச் சாக்கை விரித்துப் போர்த்தினார்கள். ஊதா நாவல்பழ நிறத்தில், ஒரு சொட்டு விடாமல், அது ஈஸ்டர் வரைக்கும் இருந்தது. அசிங்கமாகத்தான் இருந்தது.

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்ததும் அந்தோணிமேரி மெழுகு சிந்தின பீடத்து விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கை இன்னும் முழங்கை வரை ஊதா. சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டாள், போகவில்லை. ஆஷ்லினிடம் கேட்டதற்குத் தோலும் சாக்கு மாதிரி அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், தோல் உதிரும்போது தானாகப் போகும் என்றாள்.

கிளியனூரிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு பெண் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். நெற்றியில் குங்குமம், கையில் பூ.

"இவங்கதானாக்கா அழுதது?"

"அழுவலம்மா. சாயம் எறங்கிடுச்சு. பாய்ச்சாயம். நான்தான் தப்பா போட்டுட்டேன்."

"அந்தக் கோடு?"

"அது போவல."

அந்தப் பெண் தலையாட்டினாள். புரிந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் இடது கண்ணுக்கு நேராகப் போய் நின்று, பூவைக் காலடியில் வைத்து, இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. ஏதோ வீட்டுக் கஷ்டம் போலிருக்கிறது.

அந்தோணிமேரி இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தாள். விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பெண் முடிக்கிறவரை பீடத்து விளக்கை அணைக்காமல் நின்றாள்.